மேடையில் பல ஸ்கிரீன், ஒரே நேரத்தில் வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் எந்த மேடைக்குப் போனாலும், முன்பு சீன் படுதா தொங்கிய இடத்தில் இப்போது எல்.இ.டி. வால், அதாவது சுவர் மாதிரி பெரிய ஸ்கிரீன், நிற்கிறது. பக்கவாட்டில் இன்னும் இரண்டு வந்துவிட்டன. நாடகக் குழுக்காரர்கள், நாட்டியப் பள்ளி ஆசிரியைகள், மைக் செட் அண்ணன்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், வம்பானவை பின்னால்.

“மூணு ஸ்கிரீன், மூணு லேப்டாப். ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லி ஒரே நேரத்துல ப்ளே அமுக்குனா போதாதா?”

போதாது. மூன்று பேர் விரலும் ஒரே கணத்தில் இறங்காது. இறங்கினாலும் ஒரு லேப்டாப் உடனே படத்தைத் திறக்கும், இன்னொன்று அரை நொடி யோசிக்கும். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட்தான். அரை நொடி என்றால் 12 ஃபிரேம் போய்விட்டது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஸ்கிரீன்களில் அது பளிச்சென்று தெரியும்.

ஆரம்பத்தைச் சரி செய்துவிட்டாலும் இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் நேரத்தைக் காட்டும் கிரிஸ்டல் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும். இரண்டுக்கும் நடுவே 10 லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். மூன்று நிமிடப் பாட்டுக்கு இது கணக்கே இல்லை. இரண்டு மணி நேர நாடகத்தில் ஒரே வீடியோவை நிறுத்தாமல் ஓட்டினால் கணக்குத்தான்.

“அப்போ என்னதான் பண்றது? சுருக்கமா சொல்லுங்க.”

ஓட்டுகிற மெஷின் ஒன்றாக இருக்கட்டும். எல்லா ஸ்கிரீனிலும் ஒரே படம்தான் வேண்டுமென்றால் ஒரு லேப்டாப், ஒரு எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர், முடிந்தது. ஒரே சிக்னலை நாலாகப் பிரித்து அனுப்புவதால் முன்னே பின்னே போக வழியில்லை. பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம், ஆர்கெஸ்ட்ரா எல்லாவற்றுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது. யாராவது பெரிய சிஸ்டம் வேண்டும் என்று வாடகையை ஏற்றினால், எதற்கு என்று ஒருமுறை கேளுங்கள்.

“ஒவ்வொரு ஸ்கிரீன்லயும் வேற வேற படம் வரணும். நடுவுல கோபுரம், ரெண்டு பக்கமும் காவிரி ஓடணும். அதுக்கு மூணு மெஷின் வேணும்ல?”

அதற்கும் ஒன்றே போதும். மூன்று படத்தையும் ஒரே அகலமான வீடியோவாக எடிட்டரைச் செய்யச் சொல்லுங்கள். இடது ஆறு, கோபுரம், வலது ஆறு எல்லாம் ஒரே ஃபிரேமுக்குள் இருந்தால் அவை ஒன்றையொன்று விட்டு விலகவே முடியாது. அதை வெட்டி எந்தத் துண்டு எந்த ஸ்கிரீனுக்கு என்று பிரிப்பதை ரெசொலூம் அரீனா, கியூலேப், வாட்ச்அவுட் போன்ற ஷோ மென்பொருள்கள் செய்யும். கியூலேப் மேக்கில் மட்டும்தான் ஓடும். மூன்று புரொஜெக்டர் என்றால் மூன்று அவுட்புட் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். மூன்றும் சேர்ந்த முழுப் படத்தின் அளவு 5760க்கு 1080 பிக்சல்.

எல்.இ.டி. வாலாக இருந்தால் இதைவிட மலிவாக முடியும், பலருக்கு இது தெரிவதில்லை. வாலை அடுக்கிக் கட்டும் பெட்டிக்குக் கேபினெட் என்று பெயர். நம் பக்கம் வாடகைக்கு வரும் பி3.91 (புள்ளிக்குப் புள்ளி 3.91 மி.மீ.) கேபினெட் அரை மீட்டருக்கு அரை மீட்டர். அதற்குள் 128க்கு 128 பிக்சல். நடுவில் 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 8க்கு 6 கேபினெட், அதாவது 1024க்கு 768. பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் அதே உயரம் என்றால் 384க்கு 768. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் 1792க்கு 768. ஒரு சாதாரண 1920க்கு 1080 அவுட்புட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது! ஒரே எச்.டி.எம்.ஐ. கேபிள், படத்தை வாலுக்குக் கொடுக்கும் ஒரே புராசஸர். எந்தப் பகுதி எந்த வாலுக்கு என்பதை எல்.இ.டி.காரர் தன் மென்பொருளில் பிரித்துக் கொள்வார். புராசஸரின் ஒரு லேன் போர்ட் சுமார் 6.5 லட்சம் பிக்சல் தாங்கும். இந்த அளவுக்கு நடு வாலுக்கு இரண்டு போர்ட், பக்கத்து இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. ஆகவே எடிட்டரிடம் போவதற்கு முன் எல்.இ.டி.காரரிடம் எந்தக் கேபினெட், எத்தனை என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். விழா அன்று காலையில் அளவு மாறினால் கோபுரத்தின் கலசம் காணாமல் போகும்.

“ஸ்பிளிட்டர் போட்டாச்சு. ஒரு ஸ்கிரீன் மட்டும் கறுப்பா நிக்குது.”

லேப்டாப் படம் அனுப்புவதற்கு முன் “உனக்கு என்ன அளவு ஒத்துவரும்” என்று ஸ்கிரீனைக் கேட்கும். அந்த விவரத்துக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். ஸ்பிளிட்டருக்குப் பின்னால் ஒரு 4கே டி.வி.யும் ஒரு பழைய புரொஜெக்டரும் இருந்தால், டி.வி. சொன்ன அளவில் படம் போய் புரொஜெக்டர் விழிக்கும். லேப்டாப்பில் 1920க்கு 1080, 50 ஹெர்ட்ஸ் என்று கையால் வைத்துவிடுங்கள். இ.டி.ஐ.டி. அமைக்கும் சுவிட்ச் உள்ள ஸ்பிளிட்டராக வாங்கினால் இன்னும் நிம்மதி.

ஓ.டி.டி. ஆப்பிலிருந்து நேராக ஓட்டினால் காப்பி தடுப்பு காரணமாகவும் கறுப்பாகும். அது ஸ்பிளிட்டரின் குற்றமில்லை.

“கண்ட்ரோல் டேபிள் பந்தல் கடைசியில. கேபிள் எவ்வளவு தூரம் தாங்கும்?”

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10, 15 மீட்டருக்கு மேல் நம்பத் தகுந்ததில்லை. அதைத் தாண்டினால் கேட்6 லேன் கேபிளில் அனுப்பும் எக்ஸ்டெண்டர், டி.வி. ஸ்டுடியோக்காரர்களின் எஸ்.டி.ஐ. கேபிள், இல்லை ஃபைபர் எச்.டி.எம்.ஐ. ஃபைபர் கேபிளுக்குத் தலை வால் உண்டு. எது லேப்டாப் பக்கம், எது ஸ்கிரீன் பக்கம் என்று முனையில் அச்சிட்டிருக்கும். பந்தல்காரர் கட்டி முடித்த பிறகு திருப்பிப் போட்டது தெரிந்தால் முழுக்க அவிழ்க்க வேண்டியதுதான். இழுப்பதற்கு முன்பே பாருங்கள்.

வயர்லெஸ் வேண்டாம். காலியான பந்தலில் மதியம் நன்றாக ஓடும். சாயந்திரம் ஆயிரம் பேர் ஆளுக்கொரு செல்போனோடு வந்து உட்கார்ந்ததும் திணறும்.

“ஒரே லேப்டாப், ஒரே ஸ்பிளிட்டர்தான். அப்படியும் ஒரு ஸ்கிரீன் லேட்டா வருது. எப்படி?”

சிக்னல் ஒன்றாகத்தான் போகிறது. வாங்கிய பிறகு ஒவ்வொரு ஸ்கிரீனும் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. புரொஜெக்டரில் கீஸ்டோன் போட்டு ஓரத்தை நேராக்கியிருந்தால் ஒன்றிரண்டு ஃபிரேம் போகும். வீட்டு டி.வி.யில் படத்தை வழுவழுப்பாக்கும் வசதி ஓடிக் கொண்டிருந்தால் அதைவிட அதிகம். எல்.இ.டி. புராசஸரும் ஒன்றிரண்டு ஃபிரேம் எடுக்கும். அதனால் ஒரே காட்சியில் எல்.இ.டி.யையும் டி.வி.யையும் புரொஜெக்டரையும் கலக்காதீர்கள். கலந்தே ஆக வேண்டுமென்றால் டி.வி.யை கேம் மோடில் போடுங்கள். கீஸ்டோனை எடுத்துவிட்டு புரொஜெக்டரையே நேராக ஏற்றிக் கட்டுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணால் சண்டை போட வேண்டாம். கறுப்புப் பின்னணியில் பெரிய எழுத்தில் ஃபிரேம் நம்பர் ஓடி, நொடிக்கு ஒருமுறை வெள்ளையாக மின்னி பீப் அடிக்கிற ஒரு கிளிப் செய்து வைத்துக் கொள்ளுங்கள். எல்லா ஸ்கிரீனும் தெரிகிற மாதிரி நின்று செல்போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒன்றில் 112, இன்னொன்றில் 109 என்று நிற்கும். மூன்று ஃபிரேம், 120 மில்லி செகண்ட். லேட்டாக வருவதை முன்னே தள்ள வழி கிடையாது. சீக்கிரம் வருவதைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். சில புராசஸரிலும் ஷோ மென்பொருளிலும் அப்படித் தாமதம் கொடுக்கலாம்.

“படம் சரி, சவுண்டு ஒட்டலை. முன் வரிசையில ஒரு மாதிரி, கடைசி வரிசையில ஒரு மாதிரி.”

இரண்டு தனித்தனிப் பிரச்சினை. முன் வரிசையிலேயே ஒட்டவில்லை என்றால், லேப்டாப்பிலிருந்து சவுண்டு நேராக மிக்சருக்கு ஓடிவிடுகிறது, படம் மேலே சொன்ன வழியெல்லாம் சுற்றி வருகிறது. டிஜிட்டல் மிக்சரில் அந்தச் சேனலுக்கு அத்தனை மில்லி செகண்ட் தாமதம் கொடுங்கள். அதே பீப் கிளிப் இதற்கும் உதவும். சவுண்டு கொஞ்சம் பிந்தினால் மனசு பொறுத்துக் கொள்ளும், முந்தினால் பொறுக்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, சவுண்டு 45 மில்லி செகண்ட் முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது.

கடைசி வரிசைக் கதை வேறு. ஒலி நொடிக்கு சுமார் 345 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு 0.1 நொடி பிந்தித்தான் கேட்கும். நடுவில் பாக்ஸ் வைத்து அதற்குத் தூரத்துக்கேற்ற தாமதம் கொடுப்பது மைக் செட்காரர் வேலை. அதைச் சொன்னால் கோபித்துக் கொள்ள மாட்டார், நல்லவராக இருந்தால் ஏற்கெனவே செய்திருப்பார்.

“நாட்டியத்தை கேமராவுல எடுத்து அப்பவே பக்கத்து ஸ்கிரீன்ல காட்டுறோம். கால் தட்டுனப்புறம் ஸ்கிரீன்ல கால் தட்டுது. பார்க்க அசிங்கமா இருக்கு.”

கேமரா, மிக்சர், கன்வெர்ட்டர், புராசஸர் என்று ஒவ்வொரு படியும் ஒன்றிரண்டு ஃபிரேம் சாப்பிடும். நாலு படி தாண்டினால் 150, 200 மில்லி செகண்ட் சர்வசாதாரணம். பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியாது, குறைக்கலாம். கேமராவிலிருந்து ஸ்கிரீன் வரை ஒரே அளவில், 1080, 50 ஃபிரேம் என்று வைத்தால் நடுவில் மாற்றும் வேலை மிச்சம். கேமராவை லேப்டாப்புக்குள் விட்டு வெளியே எடுப்பதைத் தவிருங்கள். அங்கேதான் நேரம் அதிகம் போகிறது.

மீதியைக் கேமராமேனிடம் விட வேண்டும். ஜதிக்குக் கால்களை மட்டும் நெருங்கி எடுத்தால் தட்டு விழுவதும் சவுண்டும் ஒட்டாதது அப்படியே அம்பலமாகும். அபிநயத்தில் முகத்தை எடுத்தால் ஆறு ஃபிரேம் தாமதம் யாருக்கும் தெரியாது, கண்ணும் புருவமும் பார்க்கவே கடைசி வரிசைக்காரர் ஸ்கிரீனைத் தேடுகிறார். ஆகவே அபிநயம் மிகுந்த பதத்துக்கு நெருக்கம், தில்லானாவுக்கும் ஜதிக்கும் முழு உருவம், அதுவும் மேடையை விட்டுத் தள்ளி இருக்கிற ஸ்கிரீனில். நடு வாலில் நேரடி கேமராவை ஓட்டவே ஓட்டாதீர்கள். ஆடுபவர் பின்னாலேயே அவர் பேய் மாதிரி பிந்தி ஆடிக் கொண்டிருப்பார்.

“நாதஸ்வரம், தவில் லைவ். மல்லாரி வாசிக்கும்போது பின்னால சாமி புறப்பாடு வீடியோ தாளத்தோட போகணும். முடியுமா?”

ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ்காரர் காதில் கிளிக் போட்டு வாசிப்பார். வித்வானிடம் போய் “இந்த டெம்போவிலேயே வாசியுங்க” என்று சொல்வது நடக்கிற காரியமில்லை, சொல்லவும் கூடாது. அவர் வாசிப்புக்குப் பின்னால் வீடியோதான் போக வேண்டும். அதனால் நீண்ட வீடியோவாகச் செய்யாமல் துண்டு துண்டாகச் செய்யுங்கள்: கதவு திறப்பது, தீப்பந்தம், சாமி வாசலில் நிற்பது, வீதியில் வருவது. ஒவ்வொரு துண்டும் தானாகச் சுற்றிக் கொண்டே இருக்க வேண்டும், ஆபரேட்டர் அடுத்ததைத் தட்டும் வரை. தீ, தண்ணீர், சாம்பிராணிப் புகை எல்லாம் சுற்றினால் ஒட்டு தெரியாது. பறவை பறப்பதைச் சுற்றவிட்டால் அதே கொக்கு நாலு தடவை பறக்கும்.

எப்போது தட்டுவது? தவில்காரர் கோர்வையைப் பெரும்பாலும் மூன்று முறை வாசித்து முடிப்பார். முதல் தடவையில் காதைக் கொடுங்கள், இரண்டாவதில் விரலைப் பட்டன் மேல் வையுங்கள், மூன்றாவது வந்து விழும் அடியில் தட்டுங்கள். சாமி வாசலைத் தாண்டும் படம் அந்த அடியோடு வந்தால் கூட்டத்துக்கு மயிர்க்கூச்செறியும். இதற்குத் தாளம் தெரிந்த பையன் ஒருவனை ஆபரேட்டராக வையுங்கள். விலையுயர்ந்த மென்பொருளைவிட அவன் மேல். முந்தைய கேள்வியில் சொன்ன ஸ்கிரீன் தாமதம் இங்கேயும் இருக்கும், ஆனால் ஒரு வாரம் பழகினால் கை தானாகவே ஒரு மயிரிழை முன்னால் இறங்கும்.

“லைட், வீடியோ, பாட்டு மூணும் ஒண்ணா போக டைம்கோடு போடணும்னு சொல்றாங்களே?”

பாட்டு ரெக்கார்டு செய்ததாக இருந்தால் மட்டும். பாட்டு ஃபைலின் ஒரு சேனலில் பாட்டு, மறு சேனலில் எல்.டி.சி. என்ற நேரக் குறியீடு. அது காதுக்குக் கீச்சுக் கீச்சென்று இருக்கும், ஆனால் லைட் கன்சோலும் வீடியோ மெஷினும் அதைப் படித்து “இப்போது 2 நிமிடம் 14 நொடி 6ஆவது ஃபிரேம்” என்று புரிந்து கொள்ளும். அந்தச் சேனல் மறந்தும் ஸ்பீக்கருக்குப் போய்விடக் கூடாது. எல்லா இடத்திலும் 25 ஃபிரேம் என்றே வையுங்கள். ஒன்றில் 30 இருந்தால் எது எப்போது மாற வேண்டும் என்று வைத்த கியூ எல்லாம் கலைந்துவிடும்.

“கோயிலைச் சுத்தி நாலு வீதியிலயும் ஸ்கிரீன். ஒரே லேப்டாப் எப்படி எட்டும்?”

முதலில் ஒன்று யோசியுங்கள். கீழவீதியில் நிற்பவருக்கு மேலவீதி ஸ்கிரீன் தெரியப் போகிறதா? இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாத இடத்தில் இரண்டும் ஃபிரேம் பிசகாமல் ஓட வேண்டிய அவசியமே இல்லை. அந்தந்த ஸ்கிரீனில் படமும் அங்கேயே உள்ள பாக்ஸ் சவுண்டும் ஒட்டினால் போதும்.

மூலையில் நின்றால் இரண்டு தெரியும், சவுண்டும் கலக்கும் என்றால் ஃபைபர் இழுக்கலாம். ரெக்கார்டு வீடியோதான் என்றால் சிங்க் வசதியுள்ள பிரைட்சைன் மாதிரி பிளேயரோ ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரோ ஸ்கிரீனுக்கு ஒன்று வைத்து, லேன் கேபிளில் இணைத்து, ஒன்றைத் தலைவனாக்கலாம். மற்றவை அதன் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக் கொண்டே ஓடும். முதல் கேள்வியில் சொன்ன கிரிஸ்டல் விலகலுக்கு மருந்து இதுதான். யூடியூப் லைவை நாலு இடத்தில் திறந்து வைப்பது மட்டும் வேண்டாம். பல நொடி பிந்தும், நாலும் நாலு விதமாகப் பிந்தும்.

“எடிட்டர் எந்த ஃபார்மேட்டுல தரணும்னு கேக்குறார்.”

ஆரம்பம் முதல் முடிவு வரை நேராக ஓடுகிற வீடியோ என்றால் எச்.264 போதும். மல்லாரிக்குச் சொன்ன மாதிரி துண்டுகளைத் தாவித் தாவி ஓட்டுவதானால் ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாக இருக்கிற ஃபார்மேட் கேளுங்கள்: ரெசொலூமுக்கு டி.எக்ஸ்.வி., மற்றவற்றுக்கு ஹேப் அல்லது புரோரெஸ். ஃபைல் பெரிதாக இருக்கும்; புரோரெஸ் 422இல் 1080, 25 ஃபிரேம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 எம்.பி. பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் எஸ்.எஸ்.டி.யில் ஏற்றி ஓட்டுங்கள். செல்போனில் எடுத்த துண்டுகளில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், அவற்றை 25க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை 12 அடி வாலில் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“மழை, பனி, பூச்சி?”

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளியிடத்து கேபினெட் கேளுங்கள், உள்ளரங்குக்கானது தாங்காது. மார்கழிப் பனியில் கேபிள் முனைகள் நனையும். இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. மழை விட்ட சாயந்திரம் ஈசல் கிளம்பினால் புரொஜெக்டர் வெளிச்சத்துக்கே நேராக வரும், ஃபில்டரை அடைக்கும். வயல் ஓரப் பந்தல் என்றால் எல்.இ.டி.தான் என் ஓட்டு.

“கரண்ட் போயி ஜெனரேட்டர் எடுக்குறதுக்குள்ள எல்லாம் கலைஞ்சிடுது.”

வாலுக்கு யு.பி.எஸ். கொடுக்க முடியாது, தேவையும் இல்லை. கரண்ட் வந்ததும் சில நொடியில் எழுந்துவிடும். லேப்டாப், ஸ்பிளிட்டர், புராசஸர் மூன்றையும் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். ஸ்பிளிட்டர் அணைந்து எழுந்தால் விண்டோஸ் ஸ்கிரீன்களின் வரிசையையே மாற்றிவிடும், நடு வாலில் டெஸ்க்டாப் ஐகான் வந்து நிற்கும். எப்போதும் ஒரே இ.டி.ஐ.டி.யைக் காட்டும் சின்ன எமுலேட்டர் ஒன்றைச் செருகினால் அந்தத் தொல்லையும் போகும்.

இன்னொன்று, எலக்ட்ரீஷியன் ஒரு ஸ்கிரீனை ஒரு ஃபேஸிலும் லேப்டாப்பை இன்னொன்றிலும் கொடுத்து, எர்த்தும் சரியில்லை என்றால் கேபிள் வழியாகவே கசிவு ஓடும். படத்தில் பட்டை ஊரும், மிக்சரில் உர் என்று இரையும், சில நேரம் எச்.டி.எம்.ஐ. போர்ட்டே கருகும். மெட்டல் கம்பி இல்லாத ஃபைபர் போட்டால் அந்த வழி அடைபடும். அப்போதும் எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள், மேடையில் மைக் பிடிப்பவர்களும் மனிதர்கள்தான்.

“பேக்கப்புக்கு ரெண்டாவது லேப்டாப் வெச்சா, அதுவும் சிங்க்ல ஓடணுமே. முதல் கேள்விக்கே திரும்பிட்டோமே?”

பாட்டு டைம்கோடோடு இருந்தால் இரண்டு லேப்டாப்புக்கும் அதே எல்.டி.சி.யைக் கொடுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் ஓடும், ஸ்பிளிட்டருக்கு முன்னால் ஒரு சுவிட்சர் வைத்து ஒன்று நின்றால் மற்றதுக்கு மாறலாம். துண்டு துண்டாகத் தட்டி ஓட்டுகிற நிகழ்ச்சி என்றால் ஒரே மிடி பட்டன் பலகையின் கட்டளையை இரண்டுக்கும் பிரித்து அனுப்பலாம். சுற்றிக் கொண்டிருக்கிற தீயும் தண்ணீரும் ஐந்தாறு ஃபிரேம் தள்ளி இருந்தால் மாற்றும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டும் கைவசம் இல்லாத சின்னக் குழு என்றால் இரண்டாவது லேப்டாப்பில் வீடியோவே வேண்டாம். காட்சிக்கு ஒன்றாக அசையாத படங்களை வரிசையாக வைத்துக் கொள்ளுங்கள். முதலாவது மடங்கினால் அந்தக் காட்சிக்கு உரிய படத்துக்கு மாறிவிட்டு, அது மீண்டும் எழுந்து வரும்வரை நாடகத்தை நடத்துங்கள்.